'எர்த் அடிக்குது'னு சொல்றீங்களா? பழைய வீடுகளில் கவனிக்க வேண்டியது என்ன?

"செருப்பு போட்டுக்கிட்டு கிரைண்டரைத் தொடு, எர்த் அடிக்குது!" பழைய வீடுகளில் அடிக்கடி கேட்கும் எச்சரிக்கை இது. உண்மையில், எர்த் சரியாக இல்லாததால்தான் அந்த ஷாக் அடிக்கிறது.

எர்த்திங் என்ன செய்கிறது?

கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவற்றின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், அதை மண்ணுக்குள் இறக்கிவிடுவதுதான் எர்த் ஒயரின் வேலை. த்ரீ பின் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய பின் இதற்கானது. அந்த வழி அடைபட்டால், தொடுபவரின் உடலே வழியாகிவிடும்.

பழைய வீடுகளில் எங்கே கோளாறு?

* கரியும் உப்பும் போட்டுப் புதைத்த இரும்புக் குழாய் நாளடைவில் துருப்பிடித்துவிடும். கோடையில் குழி காய்ந்தாலும் எர்த் பலவீனமாகும்.

* அந்தக் காலத்தில் சில வீடுகளில் இரும்புத் தண்ணீர்க் குழாயிலேயே எர்த் கொடுத்திருப்பார்கள். பிறகு பிவிசி குழாய் மாற்றும்போது அந்த இணைப்பு அறுந்துபோகும்.

* சாக்கெட் த்ரீ பின்னாக இருக்கும். உள்ளே வருவது 2 ஒயர்தான்.

* இன்னும் ஆபத்தானது, சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிடுவது. நியூட்ரல் அறுந்தால், அந்த சாக்கெட்டில் செருகிய பொருளின் உடல் முழுக்க 230 வோல்ட் பாயும்.

எம்.சி.பி. இருக்கே, போதாதா?

போதாது. ஒயர் அளவுக்கு மீறி சூடாகாமல் காப்பதுதான் எம்.சி.பி.யின் வேலை. எர்த் குழியின் தடை 50 ஓம் என்றால், 230 வோல்ட்டில் மண்ணுக்குப் போகும் மின்னோட்டம் 5 ஆம்பியர்கூட இல்லை. 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு ட்ரிப் ஆகாது. ஆனால் மனித இதயத்தை நிறுத்த சில பத்து மில்லி ஆம்பியரே போதும்.

அதற்குத்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால், நொடிக்கும் குறைவான நேரத்தில் இது மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆனால் எர்த் இல்லாத வீட்டில், ஒருவர் தொட்ட பிறகுதான் இதற்குக் கசிவு தெரியும். அதனால் இரண்டுமே வேண்டும்.

என்ன செய்யலாம்?

* லேசாக ஷாக் அடித்தாலும் அந்தப் பொருளைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு பிளக்கைக் கழற்றவும்.

* உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் எர்த் டெஸ்டரால் தடையை அளக்கச் சொல்லவும். பல்பு எரிவதை மட்டும் நம்ப முடியாது; 50 ஓம் தடை இருந்தாலும் 100 வாட் பல்பு பளிச்சென்று எரியும்.

* ஆர்.சி.சி.பி.யில் உள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவும். ட்ரிப் ஆகவில்லை என்றால் உடனே மாற்ற வேண்டும்.

மீட்டருக்குப் பிறகு வீட்டுக்குள் இருக்கும் வயரிங் வீட்டுக்காரரின் பொறுப்பு. வாடகைக்கு இருப்பவர்கள், "செருப்பு போட்டா அடிக்காது" என்ற பதிலோடு விட்டுவிடாமல், எர்த்தைச் சரிசெய்து தரும்படி கேட்க வேண்டும்.