அளவு மாதிரிகளுக்கு ஏர்பிரஷ் தெரிவு செய்தல்

ஏர்பிரஷ் (காற்றுத் தூரிகை) என்பது அழுத்தப்பட்ட காற்றின் துணையால் வண்ணத்தை நுண்ணிய திவலைகளாக மாற்றித் தெளிக்கும் சிறு கைக்கருவி ஆகும். விமானம், பீரங்கி வண்டி, கப்பல் முதலியவற்றின் நெகிழி அளவு மாதிரிகளுக்கு வண்ணம் பூச இது பரவலாகப் பயன்படுகிறது. மாதிரி ஒன்றின் வண்ணப்பூச்சு பல கட்டங்களில் நடைபெறுகிறது. ஒவ்வொரு கட்டமும் வேறுபட்ட முனைத்துளை, காற்றழுத்தம், வண்ண நீர்மை ஆகியவற்றை வேண்டுவதால், கருவியைத் தெரிவு செய்வது முடிவின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

வரலாறு

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஆப்னர் பீலர் 1870களின் இறுதியில் இக்கருவியின் தொடக்க வடிவை உருவாக்கினார். 1890களில் சார்லஸ் பர்டிக் வடிவமைத்த கருவி இன்றைய ஏர்பிரஷ்ஷுக்கு நெருக்கமானது. தொடக்க காலத்தில் இது ஒளிப்படங்களைத் திருத்தி மெருகூட்டவே பெரிதும் பயன்பட்டது.

செயற்படும் முறை

முனையிலுள்ள சிறு துளையைக் கூம்பு வடிவ ஊசி ஒன்று அடைத்திருக்கும். துளையைச் சுற்றி விரைந்து பாயும் காற்று அங்கு அழுத்தத்தைக் குறைக்கிறது. ஊசி பின்னோக்கி நகரும்போது வண்ணம் வெளியே இழுக்கப்பட்டுத் திவலைகளாகச் சிதறுகிறது.

விசையின் அடிப்படையில் இவை இரு வகைப்படும். ஒற்றைச் செயல் வகையில் விசை காற்றை மட்டும் திறக்கும். வண்ணத்தின் அளவு தனித் திருகால் முன்னரே அமைக்கப்படும். இரட்டைச் செயல் வகையில் விசையை அழுத்தினால் காற்றும், பின்னால் இழுத்தால் வண்ணமும் வரும். தெளிக்கும்போதே கோட்டின் அகலத்தை மாற்ற இயலுவதால் மாதிரி வேலைக்கு இதுவே ஏற்றது.

வண்ணக்கிண்ணம் மேலே அமைந்த ஈர்ப்பு ஊட்டல் வகை குறைந்த அழுத்தத்திலும் சில துளி வண்ணத்திலும் இயங்கும். கீழே குப்பி பொருத்தப்படும் உறிஞ்சு ஊட்டல் வகைக்குக் கூடுதல் அழுத்தம் தேவை. பெரிய பரப்புகளுக்கு இது வசதியானது.

கட்டங்களும் பொருத்தமான துளையும்

கீழுள்ள அழுத்த அளவுகள் தோராயமானவை. 1 பார் என்பது ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ ஆகும்.

* பிரைமர்: 0.4 - 0.5 மி.மீ., 20 - 25 பிஎஸ்ஐ. பிரைமரிலுள்ள திண்மத் துகள்கள் சிறு துளைகளை எளிதில் அடைத்துவிடும்.
* முதன்மை நிறம்: 0.3 - 0.4 மி.மீ., 15 - 20 பிஎஸ்ஐ. மெல்லிய பூச்சுகள் பலவற்றை அடுக்காகத் தெளிப்பதால் தகட்டு இணைப்புக் கோடுகள் மூடப்படாமல் இருக்கும்.
* உருமறைப்பு, நிழலிடல்: 0.15 - 0.2 மி.மீ., 10 - 15 பிஎஸ்ஐ. வண்ணத்தை வழக்கத்தைவிடக் கூடுதலாக நீர்க்கச் செய்து, முனையைப் பரப்புக்கு மிக அருகில் பிடித்துத் தெளிக்க வேண்டும்.
* வார்னிஷ்: 0.4 - 0.5 மி.மீ. நீர் ஒட்டுப்படங்கள் ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் பூசப்படும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் படத்தின் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல் மின்னும்.

துளையின் அளவும் கோட்டின் அகலமும் ஒன்றல்ல. அழுத்தம், வண்ணத்தின் நீர்மை, தொலைவு, விசைக் கட்டுப்பாடு ஆகிய நான்கும் சேர்ந்தே அகலத்தைத் தீர்மானிக்கின்றன. பயிற்சியுள்ளவர் 0.3 மி.மீ. துளையிலும் மெல்லிய கோடு வரைய முடியும். மாறாக, 0.2 மி.மீ. துளையில் அக்ரிலிக் வண்ணம் ஊசிமுனையில் விரைவில் உலர்ந்து புள்ளிகளாகத் தெறிக்கும்.

அளவு விகிதத்தின் தாக்கம்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானியப் போர் விமானமான மெசர்ஷ்மிட் பிஎஃப் 109ஜி வகையின் உடற்பக்கங்களில் மங்கலான விளிம்புடைய திட்டுகள் தெளிக்கப்பட்டிருந்தன. உண்மை விமானத்தில் 10 செ.மீ. அகலமான மங்கல் விளிம்பு, 1/32 மாதிரியில் ஏறத்தாழ 3.1 மி.மீ., 1/48இல் 2.1 மி.மீ., 1/72இல் 1.4 மி.மீ. மட்டுமே இருக்க வேண்டும். எனவே ஒரே விமானத்தின் 1/32 மாதிரிக்கு 0.3 மி.மீ. துளை போதுமானதாயினும், 1/72 மாதிரிக்கு 0.2 மி.மீ. துளை பெரிதும் உதவுகிறது. விளிம்பு தேவைக்கு மேல் அகன்றால் மாதிரி பொம்மை போலத் தோன்றும்.

ஒரே கருவியா, பலவா

ஒரே கருவி வாங்க விரும்புவோர்க்கு 0.3 - 0.35 மி.மீ. துளையுடைய, ஈர்ப்பு ஊட்டல், இரட்டைச் செயல் வகை பெரும்பாலான கட்டங்களுக்கும் போதுமானது. ஜப்பானிய இவாட்டா நிறுவனத்தின் எக்லிப்ஸ் எச்பி-சிஎஸ் (0.35 மி.மீ.) இவ்வகைக்கு எடுத்துக்காட்டு. ஜெர்மனியின் ஹார்டர் அன்டு ஸ்டீன்பெக் நிறுவனம் 0.2, 0.4 மி.மீ. முனைகளை மாற்றிப் பொருத்தும் கருவிகளை விற்கிறது. இரண்டாவது கருவி வாங்கும்போது மிக நுண்ணிய துளையைவிட 0.5 மி.மீ. துளையே பலருக்குக் கூடுதல் பயன் தரும். பிரைமரும் வார்னிஷும் அதற்கு ஒதுக்கப்பட்டால் நுண்முனை அடைபடாமல் காக்கப்படும்.

கருவியைப் போலவே காற்று அமுக்கியும் இன்றியமையாதது. காற்றுத் தொட்டி இல்லாத அமுக்கியின் துடிப்பு மெல்லிய கோடுகளில் ஏற்ற இறக்கமாகத் தெரியும். ஈரப்பொறி இல்லையெனில் நீர்த்துளிகள் பூச்சில் விழக்கூடும்.

பராமரிப்பும் பாதுகாப்பும்

நிறம் மாற்றும்போதெல்லாம் உரிய கரைப்பானைத் தெளித்துத் துளையைத் துப்புரவு செய்ய வேண்டும். ஊசியின் முனை சற்று வளைந்தாலும் தெளிப்பு ஒருபக்கமாகச் சாயும்.

லாக்கர், எனாமல் வண்ணங்களின் கரைப்பான் ஆவி நச்சுத்தன்மை உடையது, தீப்பற்றவும் கூடியது. சாதாரணத் துணி முகமூடி இதைத் தடுக்காது. கரிம ஆவி வடிகட்டியும் துகள் வடிகட்டியும் கொண்ட சுவாசக் கவசம் தேவை. அக்ரிலிக் வண்ணங்களின் திவலைகளும் நுரையீரலுக்குத் தீங்கானவையே. ஆகவே எவ்வகை வண்ணமாயினும், காற்றை வெளியேற்றும் அமைப்பின் முன், தீப்பொறியோ சுடரோ இல்லாத இடத்தில் தெளிப்பது அவசியமாகும்.