உப்பும் அச்சும் கீரிப்பிள்ளையும்

சொந்தச் செலவில் நாவலை அச்சிட்டு, சொந்தக் காலால் நடந்து அதை விற்கும் எழுத்தாளனைக் கண்டால் நம்மில் பலருக்கு ஓர் அனுதாபம் பிறக்கிறது. "பாவம், வேறு யாரும் போட முன்வரவில்லை போலிருக்கிறது!" என்று நினைத்துக்கொள்கிறோம். தமிழ் நாவலின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால் இந்த அனுதாபம் அநாவசியம் என்று தெரியும். நம் நாவலை வளர்த்தவர்களில் சிலர் ஆசிரியர், பிரசுரகர்த்தர், பத்திராதிபர், புரூப் திருத்துகிறவர் எல்லாம் தாமேயாக இருந்தவர்கள். அதோடு பலருக்கு வயிற்றுப் பாட்டுக்கு உத்தியோகமும் உண்டு, வீடும் உண்டு, வீட்டில் வாயில்லா ஜீவன்கள்கூட உண்டு. அனுதாபப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது புத்தகத்தைத் தாமே போட்டது அல்ல.

எங்கள் நெடுங்காட்டுக்கு மிக அருகிலேயே இந்தக் கதை ஆரம்பிக்கிறது. எங்கள் ஊர் காரைக்காலைச் சேர்ந்தது. ஆகவே 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. வடக்கே தரங்கம்பாடி, அது 1845 வரை டேனிஷ்காரர்களுடையது. மேற்கே போனால் மாயூரம். இந்த வட்டாரத்தில்தான் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று முன்சீப்பாக இருந்து, வழக்குகளைக் கேட்டு, தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியான ஆண்டு 1879. அவர் முன்சீப் பதவியை விட்டதோ 1872-இல். நடுவில் தாது வருஷத்துப் பஞ்சம் வந்தது. மாயூரத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். கோர்ட்டுக் கட்டும் பஞ்சமும் முந்திக்கொண்டன, நாவல் பிந்தியது. உத்தியோகஸ்தன் எழுதும் புத்தகத்தின் ஜாதகமே அதுதான் போலும்!

அக்காலத்தில் புத்தகம் போடுவது என்றால் என்ன என்பதை இன்றைய வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பாசிட்டர் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பார். பக்கங்களைச் சேர்த்துப் பாரம் முடுக்குவார்கள். ஒரு பாரம் அச்சாகி முடிந்தால்தான் அந்த எழுத்துக்களைக் கலைத்து அடுத்த பாரத்துக்கு எடுக்கலாம். ஆகையால் ஆசிரியர் புரூப் திருத்தத் தாமதித்தால் அச்சுக்கூடமே கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். காகிதத்துக்குப் பணம் முன்னதாகவே வேண்டும். அந்தப் பணத்துக்கு ஒரு வழி கையொப்பம் வாங்குவது. "புத்தகம் வந்தால் இத்தனை பிரதி எடுத்துக்கொள்கிறேன்" என்று கனவான்கள் எழுதிக் கொடுப்பார்கள். கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக இருந்த உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது இப்படித்தான். விடுமுறை விட்டால் சென்னைக்கு ரயில். அங்கே அச்சுக்கூடமும் புரூப்பும். திரும்பி வந்தால் வகுப்பு. அவர் நாவலாசிரியர் அல்ல. ஆனாலும் உத்தியோகத்தையும் அச்சையும் ஒரே தோளில் சுமப்பது எப்படி என்பதற்கு அவர் வாழ்க்கையைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது.

நாவலாசிரியர்களில் இந்தச் சுமையை முழுக்கச் சுமந்தவர் அ. மாதவையா. திருநெல்வேலிச் சீமையில் பெருங்குளத்தில் 1872-இல் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. தேறி, உப்பு இலாகாவில் உத்தியோகம் பெற்றார். உப்பு என்றால் அந்த நாளில் சர்க்காருக்கு அது சாமானிய விஷயமல்ல. 1815-ஆம் வருஷத்து உடன்படிக்கையில், காரைக்கால் உட்படப் பிரெஞ்சு இந்தியாவின் உப்பு சம்பந்தமான உரிமைகளுக்காக ஆங்கிலேயர் வருஷம் 4 லட்சம் ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அளத்தில் வாரிய உப்பை அளக்க வேண்டும், அம்பாரத்தைக் காவல் காக்க வேண்டும், வரி கட்டாமல் ஒரு மூட்டைகூட வெளியே போகாமல் பார்க்க வேண்டும். உப்பு இலாகா உத்தியோகஸ்தனுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று தங்காது. கடற்கரை ஓரமாக மாற்றலுக்கு மேல் மாற்றல்.

அந்த வாழ்க்கையின் இடுக்குகளில்தான் அவர் எழுதினார். 'பத்மாவதி சரித்திர'த்தின் முதற்பாகம் 1898-இல் வந்தது; இரண்டாம் பாகம் 1899-இல். இளம் விதவையின் துயரத்தைச் சொல்லும் 'முத்துமீனாட்சி' 1903-இல். அதே வருஷம் ஆங்கிலத்தில் 'தில்லை கோவிந்தன்'. இதைப் 'பம்பா' என்ற புனைபெயரில் வெளியிட்டார். 1916-இல் அது லண்டனிலும் ஒரு கம்பெனியால் பிரசுரமாயிற்று. அதற்கு முந்திய வருஷம் 'கிளாரிந்தா'. பகலெல்லாம் உப்பைக் கணக்கெடுத்த ஒரு மனிதர் இத்தனையும் எழுத எந்த நேரத்தைத் திருடினார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சாயங்காலம், ராத்திரி, முகாம், ரயில் பிரயாணம் இவற்றைத் தவிர வேறு நேரம் ஏது?

1922-இல், வயது 50 ஆனபோது, உத்தியோகத்திலிருந்து முன்கூட்டியே விலகிக்கொண்டார். சென்னை மயிலாப்பூரில் குடியேறி, 'ஆசிரமம்' என்ற பெயரில் சொந்தப் பிரசுரம் ஆரம்பித்தார். 1924-இல் 'பஞ்சாமிர்தம்' என்ற மாதப் பத்திரிகையும் தொடங்கிற்று. குழந்தை மணம், விதவைகள் நிலை முதலியவற்றைக் குறித்து முன்பு ஆங்கிலத்தில் எழுதிய சிறுகதைகளைத் தாமே தமிழில் ஆக்கி, 'குசிகர் குட்டிக் கதைகள்' என்று வெளியிட்டார். உப்புக் கணக்குப் போயிற்று. சந்தாக் கணக்கு வந்தது! மேலதிகாரிக்குப் பதில் சொல்லும் தொல்லை தீர்ந்தது. சந்தாதாருக்குப் பதில் சொல்லும் தொல்லை பிறந்தது. மாதம் பிறந்தால் இதழ் வந்தாக வேண்டுமே!

அந்த மயிலாப்பூர் வீட்டில் இன்னொரு ஜீவனும் இருந்தது. மாதவையாவின் கடைசிப் பிள்ளை கிருஷ்ணன் 1912-இல் பிறந்தவன். அப்போது மயிலாப்பூர்ப் பக்கமெல்லாம் புதரும் பொட்டலுமாக இருந்தன. நரியும் வெளிமானும்கூட நடமாடின. பையன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான். அந்தக் கீரி புரூப் காகிதத்தின்மேல் ஓடியதோ, பத்திரிகைக் கட்டுக்குள் புகுந்துகொண்டதோ, அதை எந்தச் சரித்திரமும் எழுதி வைக்கவில்லை. எழுத்தும் பிரசுரமுமாக இருக்கும் வீட்டில் கீரிப்பிள்ளை என்ன செய்யும் என்பதை வாசகர்கள் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

எனக்கு அந்த ஊகம் சுலபம். எங்கள் வீட்டுக்கு இப்போது ஒரு நாட்டு நாய்க்குட்டி வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு என் வெளியீட்டு விழாத் தேதி தெரியாது. கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும் நாவல்கள் அதற்கு ஏறி உட்கார ஒரு மேடை. கட்டின கயிறு கடித்து விளையாட ஒரு சாமான். "புஸ்தகத்தை அப்புறம் கட்டலாம், குட்டிக்கு முதல்ல பாலை ஊத்துங்க" என்கிறாள் என் மனைவி. நியாயந்தானே? வாசகர் காத்திருப்பார், நாளைக்குக்கூட வாங்குவார். குட்டி காத்திராது. அதன் பசி அந்தக் கணத்துப் பசி.

சீமையில் இதைவிட விசித்திரமான ஒரு கதை நடந்தது. வர்ஜீனியா உல்ப் என்ற நாவலாசிரியையும் அவர் கணவர் லியனார்டும் 1917-இல் ஒரு சிறு கை அச்சு யந்திரம் வாங்கி, ரிச்மண்டில் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் வைத்தார்கள். கணவருக்குக் கை நடுக்கம். ஆகவே எழுத்துக் கோப்பது மனைவி, அச்சடிப்பது கணவர். முதல் புத்தகம் 150 பிரதிதான். 1922 முதல் அவருடைய நாவல்கள் இங்கிலாந்தில் அந்தச் சொந்தப் பிரசுரத்திலேயே வந்தன. 1926-இல் ஒரு சிநேகிதி அவர்களுக்கு ஒரு நாய்க்குட்டி கொடுத்தார்; பிங்கா என்று பெயர். ஏழு வருஷம் கழித்து, 1933-இல், வர்ஜீனியா உல்ப் ஒரு கவியரசியின் நாயைக் கதாநாயகனாக்கி 'பிளஷ்' என்ற புத்தகம் எழுதினார். அதில் அச்சான நாயின் புகைப்படம் பிங்காவினுடையது. எழுத்துக்கு இடைஞ்சலாக வந்த குட்டி, புத்தகத்தின் விளம்பரமாகவே ஆகிவிட்டது. புத்தகமும் நன்றாக விற்றது!

ஆனால் எல்லோருக்கும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. தஞ்சாவூர்ச் சீமைக்காரரான வடுவூர் துரைசாமி ஐயங்கார் தாசில்தார் உத்தியோகத்தை விட்டுவிட்டு, 'மனோரஞ்சனி' வழியாக நாவல்களை வெளியிட்டு, எழுத்தையே ஜீவனமாக்கிக்கொண்டார். வை. மு. கோதைநாயகி அம்மாளோ பள்ளிக்கூடம் போய்ப் படிக்காதவர். முதலில் வாயால் சொல்லி, தோழி எழுதிக்கொள்ள, அப்படி ஆரம்பித்தவர். 1925-இல் 'ஜகன்மோகினி'யை ஏற்று, தம் நாவல்களைத் தாமே வெளியிட்டு, சுமார் 35 வருஷம் அதை நடத்தினார். அவர் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றபோது கணவர் பார்த்தசாரதி பத்திரிகையை நிற்காமல் பார்த்துக்கொண்டார். வீட்டில் ஒருவர் தோள் கொடுத்ததால் அந்த வண்டி ஓடிற்று.

மாதவையாவுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 1925 அக்டோபர் 22-ஆம் தேதி சென்னைச் சர்வகலாசாலை செனட் கூட்டத்தில், பி.ஏ. வகுப்பில் தமிழ் கட்டாய பாடமாக வேண்டும் என்று பேசினார். பேசி அமர்ந்த சற்று நேரத்தில் அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 53. 'பஞ்சாமிர்த'மும் அவரோடு முடிந்தது. அதில் அவர் எழுதத் தொடங்கியிருந்த 'பத்மாவதி சரித்திர'த்தின் மூன்றாம் பாகம் பாதியில் நின்றுவிட்டது.

நான் ஆரம்பத்தில் சொன்ன அனுதாபத்துக்குரிய இடம் இதுதான். உப்பு இலாகா அவருடைய சுமார் 29 வருஷங்களை எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த மூன்று வருஷத்தில் காகிதமும், சந்தாவும், தபாலும் தங்கள் பங்கைக் கேட்டன. கடைசியில் தமிழ் வாசகனுக்கு நஷ்டமானது மூன்றாம் பாகம். பிரசுரத்தைத் தொடங்காமல் இருந்திருந்தால் அவர் அதை முடித்திருப்பாரோ? அப்படியும் சொல்ல முடியவில்லை. பத்திரிகை இல்லாவிட்டால் அவர் அதைத் தொடங்கியே இருக்க மாட்டார். குசிகரின் கதைகளும் தமிழில் வந்திருக்க மாட்டா. கையில் பிரசுரம் இருந்ததால், குழந்தை மணத்தைக் கண்டிப்பதற்கு இன்னொருவர் அனுமதியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அந்தச் சுதந்திரத்துக்கு விலை அவருடைய நேரம். சந்தா கட்டியவர்கள் இன்னும் சற்று அதிகமாக இருந்திருந்தால், ஒரு குமாஸ்தாவை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் கொஞ்சம் மீட்டிருக்கலாம். வாசகன் கொடுக்கும் காசு புத்தகத்துக்கு மட்டும் அல்ல. அடுத்த புத்தகத்துக்கு வேண்டிய நேரத்துக்கும் அதுவே கூலி.

தகப்பனார் மறைந்தபோது கிருஷ்ணனுக்கு வயது 13. மூத்த தமக்கை லக்ஷ்மி அவரைப் பார்த்துக்கொண்டார். பையன் வளர்ந்தார், 1940-களில் சண்டூர் சமஸ்தானத்தில் உபாத்தியாயர் முதல் நீதிபதி வரை பல வேலைகள் பார்த்தார். பின்பு உத்தியோகத்தை உதறிவிட்டு எழுத்துக்கு வந்தார். காட்டு மிருகங்களையும் பறவைகளையும் பற்றிக் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் காலமாகும் வரையில் விடாமல் எழுதினார். படங்களையும் தாமே வரைந்தார். இந்தியக் காட்டுயிர்களைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் மா. கிருஷ்ணனை ஆசானாகக் கொண்டாடுகிறார்கள். தமிழில் 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார்.

எழுதவும், பத்திரிகை நடத்தவும் நேரம் போதாத அந்த வீட்டில், "கீரிப்பிள்ளை வேண்டாம், வெளியே விடு" என்று யாராவது சொல்லியிருந்தால் அதில் தப்புக் காண முடியாது. யாரும் சொல்லவில்லை. மூன்றாம் பாகம் நமக்குக் கிடைக்காமல் போயிற்று. கீரிப்பிள்ளை வளர்த்த பையனோ அரை நூற்றாண்டுக்கும் குறையாமல் எழுதினான் என்றே சொல்லலாம். மாதவையாவின் கணக்குப் புத்தகத்தில் எத்தனை சந்தா பாக்கி நின்றதோ தெரியாது; வரவில் இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.