வானம் பார்த்த முற்றங்கள்
1930-ஆம் வருஷம் செகந்திராபாத்தில் பிறந்து, அமெரிக்காவில் கட்டடக்கலை பயின்று, 1958-இல் பம்பாயில் தொழிலைத் தொடங்கிய சார்லஸ் கொரியாவுக்கு இளம் பிராயத்திலேயே வாய்த்த பெரும் பொறுப்பு, சாபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளின் கடிதங்களையும் நூல்களையும் காத்து வைப்பதற்கான சங்கிரகாலயத்தை நிர்மாணிப்பதாகும். செங்கல் தூண்களும், ஓட்டுக் கூரைகளும், கண்ணாடியே இல்லாத மரப்பலகைச் சாளரங்களும், வானம் பார்த்த நீர்த்தடாகமும் கொண்டு, ஆடம்பரம் அணுவளவுமின்றி எழுந்த அதைவிட அம்மகானுக்குப் பொருத்தமான ஸ்மாரகம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். 1963-இல் நேரு அதைத் திறந்து வைத்தார்.

ஆயினும் கொரியாவின் சிந்தையை விடாது பற்றியிருந்தது, நகரத்து ஏழையின் வாசஸ்தலமே. தென்முனையில் ஜனநெருக்கத்தால் திணறிய பம்பாயை, துறைமுக நீர்ப்பரப்புக்கு அப்பால் கிழக்கே விரிவுபடுத்த வேண்டுமென்று பிரவீணா மேத்தா, ஷிரீஷ் படேல் ஆகிய இருவரோடு சேர்ந்து 1964-இல் அவர் வெளியிட்ட யோசனையே, பின்னர் சர்க்கார் ஏற்று, புதிய பம்பாயாக உருவெடுத்தது. அங்கே பேலாப்பூரில், எண்பதுகளில், ஏழு ஏழு வீடுகளாக ஒரு பொது முற்றத்தைச் சுற்றி அமைத்து, கையில் பணம் சேரச் சேரக் குடும்பத்தாரே ஓர் அறையையோ மாடியையோ சேர்த்துக்கொள்ளும் பொருட்டு, ஒவ்வொரு வீட்டையும் தனித்து நிறுத்தினார். பலர் அவ்வாறே கட்டிக்கொண்டனர். சிலர் பழைய வீட்டை இடித்தே பெரிதாக எழுப்பினர். நம் வீட்டு வசதி வாரியத்தார் அடுத்த குடியிருப்புக்குப் படம் வரையுமுன், பேலாப்பூரை ஒருமுறை நேரில் சென்று பார்த்து வர வேண்டும்.