மல்லாட்டை வேரும் மாமல்லபுரம் மணலும்

மக்களே, இந்தத் தடவை சினிமா, அரசியல் எதுவும் இல்ல. பொட்டி தட்டுறவன் எழுதுற வேர் வரலாறு. ஓடிடாதீங்க :-)

செங்கல்பட்டு பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டைன்னு பேரு. மணிலாக்கொட்டைங்கறது தேஞ்சு மல்லாட்டை ஆயிடுச்சு. பிறந்தது தென் அமெரிக்கா. இங்க ஏரிப் பாசனத்துல நெல்லு, ஏரித் தண்ணி எட்டாத மேட்டுல மானாவாரி மல்லாட்டை. கிழக்கே மாமல்லபுரம் நெருங்க நெருங்க மணல் பூமி. மணல்ல செடியைப் பிடுங்குறது சுலபம், ஆனா தண்ணி நிக்காது. ஆடியில விதைச்சுட்டு மூணு வாரம் மழை ஏமாத்தினா செடி தொங்கிடும்.

செங்கல்பட்டுலேர்ந்து தெற்கே போனா திண்டிவனம். அங்க இருக்கிற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்ததுதான் டிஎம்வி ரகங்கள். 1940ல வந்த டிஎம்வி 2, குடியாத்தம் கொத்துக் கடலையிலேர்ந்து நல்ல செடிகளாப் பொறுக்கி உருவாக்கினது. பல பத்தாண்டுகள் தென்னிந்தியாவுல கொடிகட்டிப் பறந்த ரகம். ஆனா செடியைப் பிடுங்கினா காய் கையில வரும், ஆழ வேர் மண்ணுலயே அறுந்து நின்னுடும். கண்ணுல படாததை யார் பொறுக்குறது?

ஐதராபாத் பக்கத்துல 1972ல ஆரம்பிச்ச இக்ரிசாட் நிறுவனம் கொண்டைக்கடலையில அந்த வேரைத் தோண்டிப் பார்த்துச்சு. ஐசிசி 4958னு ஒரு ரகத்துக்குப் பெரிய வேர். மழை முடிஞ்சு மண்ணுல தங்கின ஈரத்துலயே விளையற பயிர் அது, அதனால ஆழ வேர் லாபம். வேர் உட்பட வறட்சி தாங்குற குணங்களோட தொடர்புள்ள மரபணுப் பகுதியை அந்த ரகத்துலேர்ந்து எடுத்துச் சேர்த்த பூசா 10216, 2019ல வெளிவந்துச்சு. செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் அதே வருஷம்தான்.

அப்ப மல்லாட்டைக்கும் ஆழ வேர் குடுத்தா வேலை முடிஞ்சுதா? அங்கதான் சிக்கல்.

1.2 மீட்டர் பிவிசி குழாய்ல மண் நிரப்பி, செடி வளர்த்து, குழாயை அடிக்கடி எடை போட்டுப் பார்த்தாங்க. எவ்வளவு தண்ணி குடிக்குதுங்கறதை விட எப்பக் குடிக்குதுங்கறது முக்கியம்னு தெரிஞ்சுது. ஆரம்பத்துலயே எல்லாத்தையும் உறிஞ்சிட்டா மணி பிடிக்கிறப்போ நாக்கு வறண்டுடும்.

மல்லாட்டைக்கு இன்னொரு தொல்லை. பூவுலேர்ந்து விழுது இறங்கி மேல் மண்ணுக்குள்ள போனாத்தான் காய். அந்தக் காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைச் சுத்தியிருக்கிற மண்ணுலேர்ந்து நேராவே எடுக்கும். 40-45ஆம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறது இதுக்குத்தான். மேல் மண் காஞ்சுட்டா, வேர் பாதாளத்துல தண்ணி குடிச்சாலும் காய் பொக்காப் போயிடும்.

நம்ம பாஷையில சொன்னா, கொண்டைக்கடலையில ஓடின பேட்ச் மல்லாட்டையில அப்படியே ஓடாது. ஆழ வேர் ரகம் வரட்டும், வேணாங்கல. ஆனா தொழு உரம் போட்டு மேல் மண்ணுல ஈரம் காக்குற வேலையும் சேர்ந்து நடக்கணும். இல்லேன்னா மணல் பூமிக்காரருக்கு விதைச் செலவுதான் மிச்சம்.

உங்க ஊர்ல மல்லாட்டைக்கு என்ன பேருங்க?