பூனையின் முழங்கால்: ஓர் அறுவை மருத்துவத்தின் வரலாறு

தொடையின் முன்தசைகளிலிருந்து இறங்கும் தசைநாணுக்குள் பொதிந்திருக்கும் முழங்கால் சில்லு, தொடை எலும்பின் கீழ்முனையிலுள்ள பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கிச் செல்லும் சிறு எலும்பாகும். அது அப்பள்ளத்தை விட்டுப் பக்கவாட்டில் நழுவிவிடும் நிலையே சில்லு விலகல் எனப்படுகிறது. பூனைகளில் பெரும்பாலும் உள்பக்கமாக நிகழும் இந்த விலகலைச் சீர்செய்யும் அறுவை முறைகளில் பெரும்பாலானவை பூனைக்காகப் பிறந்தவை அல்ல. மனிதருக்காக வகுக்கப்பட்டவை நாய்க்கு வந்தன, நாயிடமிருந்து அப்படியே பூனைக்கு மாற்றப்பட்டன. பூனையின் மூட்டை அதன் இயல்பிலேயே ஆராய்ந்து சிகிச்சையை வகுக்கும் போக்கு மிக அண்மையில்தான் வலுப்பெற்றது.

இந்தத் தாமதத்தின் வேர் கால்நடை மருத்துவக் கல்வியின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1762இல் பிரான்சின் லியோன் நகரில் குளோது பூர்ஷலா தொடங்கிய பள்ளியும், 1791இல் லண்டனில் தோன்றிய கல்லூரியும் படைக்கும் வண்டிக்கும் வேண்டிய குதிரையையும் உழவுக்கும் பாலுக்கும் வேண்டிய மாட்டையும் மையமாகக் கொண்டவை. எலி பிடிப்பதற்கு அப்பால் மதிப்பற்றதாகக் கருதப்பட்ட பூனைக்கு அங்கே இடமில்லை. 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வெயர் நடத்திய பூனைக் கண்காட்சிக்குப் பின், இனத்தூய்மை பேணி வளர்க்கப்பட்ட பூனைகளுக்கு மதிப்புக் கூடியது. பிற்காலத்தில் லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் முதல்வரான ஃபிரெடெரிக் ஹாப்டே, நாய், பூனை ஆகியவற்றின் அறுவை மருத்துவம் குறித்து 1900இல் ஒரு நூல் வெளியிட்டார். குறிப்பிட்ட சில அறுவைகளை மயக்க மருந்தின்றி விலங்குகளுக்குச் செய்யலாகாது என்று 1919இல் பிரிட்டன் சட்டம் இயற்றியதையும் இங்கே நினைவுகூர வேண்டும். நுண்ணிய மூட்டு அறுவைக்கு அசைவற்ற, வலியுணராத உடல் முதல் தேவை.

சில்லு விலகலுக்கான அடிப்படைக் கருத்து இதற்கு முன்பே மனித மருத்துவத்தில் உருவாகியிருந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரைச் சேர்ந்த செசார் ரூ, சில்லிலிருந்து இறங்கும் தசைநார் கீழ்க்கால் எலும்பில் பற்றிக்கொள்ளும் இடத்தையே நகர்த்தி, இழுவிசையின் திசையை நேராக்கும் முறையை 1888இல் விவரித்தார். 1938இல் அமெரிக்கரான ஹவுசர் தசைநாரோடு அது பற்றியிருக்கும் எலும்புப் புடைப்பையும் பெயர்த்து இடம்மாற்றினார். நழுவும் சில்லை மட்டும் பிடித்து நிறுத்துவதால் பயனில்லை, அதை இழுக்கும் விசையைத் திருத்த வேண்டும் என்ற இவ்வறிவே பிற்கால விலங்கு அறுவை முழுவதற்கும் அடித்தளம் எனலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகர வீடுகளில் சிறிய இன நாய்கள் பெருகியபோது இக்குறை கால்நடை மருத்துவரின் அன்றாடச் சிக்கலாயிற்று. 1968இல் பட்னமும், அவரைத் தொடர்ந்து 1969இல் பிரிட்டனின் சிங்கிள்டனும் விலகலை நான்கு நிலைகளாக வகுத்தனர்: விரலால் தள்ளினால் நழுவி, விட்டவுடன் தானே திரும்புவது முதல் நிலை; கையால் தள்ளியும் பள்ளத்துக்குத் திரும்பாதபடி நிலையாக வெளியே தங்கிவிடுவது நான்காம் நிலை. ஆழமற்ற பள்ளத்தைச் சரிசெய்ய அதுவரை எலும்பை அராவித் தோண்டுவது வழக்கம். அதில் மூட்டை வழுவழுப்பாக வைத்திருக்கும் குருத்தெலும்பு அழிந்துபோகும். அமெரிக்காவின் ஸ்லோக்கம் 1985இல் விவரித்த முறையில், தர்பூசணியில் முக்கோணத் துண்டு வெட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் செருகுவது போல, குருத்தெலும்போடு கூடிய ஓர் ஆப்பு வெட்டி எடுக்கப்பட்டு, அடியில் எலும்பு குறைக்கப்பட்டபின் மீண்டும் பதிக்கப்படுகிறது. பள்ளம் ஆழமாகிறது, அதன் மேற்பரப்பின் பெரும்பகுதியும் காப்பாற்றப்படுகிறது. பின்னர் ஆப்புக்குப் பதிலாகச் செவ்வகத் துண்டை எடுக்கும் முறையும் வந்தது.

பூனையின் சில்லு விலகல் குறித்த அறிக்கைகள் 1970களில்தான் கால்நடை மருத்துவ இதழ்களில் தலைகாட்டின. நோய் அரிதானது என்று கருதப்பட்டது ஒரு காரணம். பூனை தன் நொண்டலை மறைத்துக்கொள்வது அதைவிட முக்கியமான காரணம். உயரத்துக்குத் தாவுவதைத் தவிர்க்கும், ஓரிடத்திலேயே படுத்திருக்கும் பூனையைச் சோம்பல் என்று எண்ணிவிடுவது எளிது. 1958இல் பிரிட்டனில் ஜோன் ஜட் பூனை நலனுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கியதும், 1962இல் உருவாக்கப்பட்ட கெட்டமின் பிறகு பூனைகளுக்கான மயக்க மருந்தாகப் பரவியதும் நிலைமையை மாற்றின. எனினும், மிகுந்த அளவில் கொடுத்த மார்ஃபின் பூனைகளை வெறிகொள்ளச் செய்ததைக் கண்ட பழைய அச்சத்தால், உரிய அளவில் கொடுத்தால் தீங்கற்ற வலிநிவாரணி பல பத்தாண்டுகள் அவற்றுக்கு மறுக்கப்பட்டது. எலும்பை வெட்டி எஃகுக் கம்பியால் பொருத்தும் அறுவைக்குப் பின்னும் அவை வலியோடு விடப்பட்டன என்பது இவ்வரலாற்றின் வேதனை மிகுந்த பகுதி.

பூனையின் மூட்டு தனித்தன்மை உடையது என்பது படிப்படியாகவே தெளிவாயிற்று. நலமான பூனையின் சில்லே நாயினுடையதைவிடத் தளர்வானது, ஓரளவு பக்கவாட்டில் அசையக்கூடியது. ஆகவே விரலால் தள்ளியபோது அசைவது மட்டுமே அறுவைக்குப் போதிய காரணமாகாது. டெவன் ரெக்ஸ், அபிசீனியன் ஆகிய இனங்களில் விலகல் காணப்படுவதும், இடுப்பு மூட்டுக் குறைபாட்டோடு அது சேர்ந்து வருவதும் 1999ஆம் ஆண்டுக்குள் பதிவாகியிருந்தன. பள்ளத்தை ஆழமாக்கும் முறையைப் பூனையில் கையாண்ட மருத்துவர்கள் இன்னொரு தடையையும் கண்டனர்: பூனையின் சில்லு பள்ளத்தோடு ஒப்பிடும்போது அகலமானது என்பதால், ஆழமாக்கிய பள்ளத்துக்குள் அது சரியாக இறங்குவதில்லை. பள்ளத்தை மேலும் அகலமாக்க எலும்பில் இடமில்லாதபோது சில்லின் பக்க ஓரத்தையே சீவிக் குறைக்கும் முறை, நான்கு பூனைகளின் சிகிச்சை அனுபவத்தோடு, 2010களின் நடுவில் வெளியானது. பூனையின் உடலமைப்பே எழுப்பிய கேள்விக்குப் பூனையிடமே தேடிய விடை என்பதால், சிறிய எண்ணிக்கையில் தொடங்கியிருந்தாலும் இம்முறை இவ்வரலாற்றில் ஒரு திருப்பம்.

ஆயினும் பூனையின் விலகலை அளக்க இன்றும் பரவலாகக் கையாளப்படுவது, 1960களின் இறுதியில் நாய்களுக்காக வகுக்கப்பட்ட அதே நான்கு நிலை அளவுகோல்தான். இயல்பிலேயே தளர்ந்த மூட்டுடைய விலங்குக்கு அது பொருந்தாது, பூனைக்கென்று தனி அளவுகோல் வகுக்கப்பட வேண்டும்.