கேம் ரெக்கார்டிங் திக்கித் திக்கி வருதா? புது கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் இந்த 3 எண்களைப் பாருங்க!

மதுரை - தூத்துக்குடி நெடுஞ்சாலையில், அருப்புக்கோட்டையைத் தாண்டினால் பந்தல்குடி. அங்கே ஒரு கல்லூரி மாணவர் சொந்தமாக யூடியூப் சேனல் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு 2 மணி நேரம் உட்கார்ந்து, பல நாளாக முடியாத ஒரு கட்டத்தை ஒருவழியாக முடித்துவிட்டார். விளையாடும்போது எல்லாம் வழுக்கிக்கொண்டுதான் போனது. ஆனால் ரெக்கார்ட் ஆன வீடியோவைப் போட்டுப் பார்த்தால் படம் நிற்கிறது, தாவுகிறது, திரும்ப நிற்கிறது. அந்த ஆட்டத்தை அப்படியே இன்னொரு முறை ஆட முடியாது. போனது போனதுதான்.

நண்பர்களிடம் கேட்டால் ஒருவர், "நெட் பிளானை மாத்து மாப்ள" என்பார். இன்னொருவர், "கிராபிக்ஸ் கார்டை மாத்தாம ஒண்ணும் நடக்காது" என்பார். இரண்டுக்கும் பணம் வேண்டும். பல நேரங்களில் இரண்டுமே தேவைப்படாது. காசு செலவழிக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

பிரேம் டிராப் என்றால் என்ன?

வீடியோ என்பது வேகமாக மாறும் படங்களின் வரிசை. அந்த ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். சினிமாவில் நொடிக்கு 24 பிரேம். கேம் வீடியோக்களில் பெரும்பாலும் 30 அல்லது 60.

60 பிரேம் என்றால் ஒரு பிரேமை முடிக்கக் கணினிக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி நொடிதான். அதற்குள் கேம் காட்சியை வரைய வேண்டும், ரெக்கார்டிங் மென்பொருள் அதைப் பிடிக்க வேண்டும், சுருக்க வேண்டும், டிஸ்க்கில் எழுத வேண்டும். எங்காவது ஓர் இடத்தில் தாமதமானால் அந்த பிரேம் விடுபடும். முந்தைய படமே அங்கே நீடிக்கும். அதைத்தான் நம் கண் 'திக்குது' என்று உணர்கிறது.

ஒரு மணி நேர வீடியோவில் மொத்தம் 2,16,000 பிரேம்கள். அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பத்து போனால் யாருக்கும் தெரியாது. ஒரே இடத்தில் சேர்ந்தாற்போல் போனால்தான் பிரச்னை.

இன்டர்நெட் ஸ்லோவாக இருந்தால் ரெக்கார்டிங் திக்குமா?

திக்காது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ரெக்கார்டிங் என்பது உங்கள் கணினிக்குள்ளேயே தொடங்கி, உள்ளேயே முடியும் வேலை. நெட் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டும் ரெக்கார்ட் செய்யலாம். இன்டர்நெட் வேகம் முக்கியமாவது லைவ் ஸ்ட்ரீமிங் செய்யும்போதுதான். ஆன்லைன் கேமில் நெட் தடுமாறினால் ஆட்டமே தடுமாறும். அது உங்களுக்கு விளையாடும்போதே தெரிந்துவிடும்.

சரி, அந்த 3 எண்கள் எங்கே இருக்கின்றன?

கேம் ரெக்கார்டிங்கிற்கு உலகம் முழுக்க அதிகம் பயன்படும் இலவச மென்பொருள்களில் ஒன்று ஓபிஎஸ் ஸ்டூடியோ. இதன் முதல் பதிப்பு 2012-ல் வெளியானது. இதில் 'டாக்ஸ்' மெனுவுக்குள் 'ஸ்டேட்ஸ்' என்று ஒரு பலகை இருக்கும். பழைய பதிப்புகளில் 'வியூ' மெனுவிலேயே நேரடியாக இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு 5 நிமிடம் விளையாடி ரெக்கார்ட் செய்யுங்க. அதில் 3 எண்களைக் கவனிக்க வேண்டும்: ரெண்டரிங் லேக், என்கோடிங் லேக், நெட்வொர்க் டிராப்.

இது புரிய விருதுநகர் புரோட்டா கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்க. கல்லில் மாஸ்டர் புரோட்டா போடுகிறார். பக்கத்தில் ஒருவர் பார்சல் கட்டுகிறார். கட்டிய பார்சல் வண்டியில் வெளியே போகிறது. மாஸ்டருக்குக் கை ஓயாவிட்டால் அது ரெண்டரிங் லேக். புரோட்டா தயார், ஆனால் பார்சல் கட்ட முடியவில்லை என்றால் என்கோடிங் லேக். பார்சல் தயார், ரோட்டில் டிராபிக் என்றால் நெட்வொர்க் டிராப். எங்கே தாமதம் என்று தெரியாமல் வண்டியை மாற்றி என்ன பயன்?

முதல் எண்: ரெண்டரிங் லேக் ஏறினால்...

கிராபிக்ஸ் சிப் முழுவதையும் கேமே எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். காட்சியைத் தொகுக்க ஓபிஎஸ்-க்கும் அந்தச் சிப்பில் கொஞ்சம் இடம் வேண்டும். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பயன்பாடு 99, 100 சதவீதத்திலேயே நின்றால் இதுதான் காரணம்.

* கேமின் வேகத்துக்குக் கடிவாளம் போடுங்க. கேம் செட்டிங்கில் விசிங்க் அல்லது பிரேம் லிமிட் இருக்கும். 60-ல் நிறுத்துங்க. உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் கேம் 110 பிரேம் வரைந்தாலும் அத்தனையையும் அது காட்டப் போவதில்லை.
* நிழல், பிரதிபலிப்பு போன்ற கிராபிக்ஸ் அமைப்புகளை ஒரு படி குறைங்க.
* ஓபிஎஸ் ஐகானை ரைட் கிளிக் செய்து, 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறங்க. விண்டோஸ் கிராபிக்ஸ் சிப்பில் ஓபிஎஸ்-க்கு முன்னுரிமை கிடைக்கும். பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கிறது.

இரண்டாம் எண்: என்கோடிங் லேக் ஏறினால்...

1080பி, 60 பிரேம் வீடியோவைச் சுருக்காமல் அப்படியே சேமித்தால் நொடிக்குச் சுமார் 370 எம்பி ஆகும். அதைச் சுருக்கும் வேலைதான் என்கோடிங். ஓபிஎஸ்-ல் 'எக்ஸ்264' என்று இருந்தால் அந்த வேலை முழுக்க பிராசசர் தலையில் விழுகிறது. அதே பிராசசர்தான் கேமையும் ஓட்ட வேண்டும். மாஸ்டரே புரோட்டாவும் போட்டு, பார்சலும் கட்டும் கதை இது. 'என்கோடிங் ஓவர்லோடட்' என்ற எச்சரிக்கை வருவது இப்போதுதான்.

இதற்கான தீர்வு பலருடைய கணினியிலேயே சும்மா கிடக்கிறது. வீடியோவைச் சுருக்குவதற்கென்றே தனிப் பகுதி பல சிப்களில் உண்டு. இன்டெல் பிராசசர்களில் 2011 முதல் வரும் 'குயிக் சிங்க்', என்விடியா கார்டுகளில் 2012 முதல் வரும் 'என்வென்க்', ஏஎம்டி-யின் 'ஏஎம்எஃப்' எல்லாம் இந்த வகைதான். ஓபிஎஸ்-ல் 'செட்டிங்ஸ்', 'அவுட்புட்', 'ரெக்கார்டிங்' போய் வீடியோ என்கோடர் என்ற இடத்தில் இவற்றில் எது காட்டுகிறதோ அதைத் தேர்ந்தெடுங்க. பார்சலுக்குத் தனி ஆள் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

பட்டியலில் எதுவுமே வரவில்லையா? எக்ஸ்264-லேயே பிரீசெட்டை 'சூப்பர்ஃபாஸ்ட்' அல்லது 'அல்ட்ராஃபாஸ்ட்' ஆக்குங்க. கோப்பு கொஞ்சம் பெரிதாகும், பிராசசர் மூச்சு விடும். அப்போதும் முடியாவிட்டால் 'வீடியோ' பகுதியில் அவுட்புட் அளவை 720பி ஆகவும், பிரேமை 30 ஆகவும் குறைங்க.

மூன்றாம் எண்: நெட்வொர்க் டிராப்

லைவ் போகாதவர்கள் இதைத் தாராளமாக மறந்துவிடலாம். லைவ் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம்: முக்கியம் அப்லோட் வேகம், டவுன்லோட் வேகம் இல்லை. பிட்ரேட்டைக் குறைப்பதும், வைஃபைக்குப் பதில் கேபிள் போடுவதும்தான் முதல் வேலை.

ஹார்ட் டிஸ்க் காரணமாக இருக்குமா?

நல்ல தரத்தில், 40 எம்பிபிஎஸ் பிட்ரேட்டில் ரெக்கார்ட் செய்தாலும் டிஸ்க்கில் எழுதப்படுவது நொடிக்கு 5 எம்பி மட்டுமே. ஒரு மணி நேரத்துக்கு 18 ஜிபி. சாதாரண ஹார்ட் டிஸ்க்கே இதைத் தாங்கும். ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றிலேயே விண்டோஸ், கேம், ரெக்கார்டிங் மூன்றும் இருந்தால் முட்டிக்கொள்ளும். அப்போது ரெக்கார்டிங்கை வேறு டிஸ்க்குக்கு மாற்றுவது நல்லது.

பென்டிரைவில் நேரடியாக ரெக்கார்ட் செய்ய வேண்டாம். பல பென்டிரைவ்கள் 'ஃபேட்32' முறையில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. மேலே சொன்ன பிட்ரேட்டில் 14 நிமிடத்தில் 4 ஜிபி நிறைந்துவிடும்.

முதல் 20 நிமிடம் நல்லா இருக்கு, அப்புறம்தான் திக்குது... ஏன்?

இது சூட்டின் வேலை. பிராசசரும் கிராபிக்ஸ் சிப்பும் ஒரு அளவுக்கு மேல் சூடானால், தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். லேப்டாப் பிராசசர்களில் இந்த எல்லை பொதுவாக 95 முதல் 100 டிகிரி செல்சியஸ். சித்திரை, வைகாசியில் பந்தல்குடி, திருச்சுழி பக்கம் இரவு 10 மணிக்கும் அறை அனலாகத்தான் இருக்கும். கரிசல் காட்டுத் தூசி வேறு காற்று போகும் வழியை அடைத்துக்கொள்ளும். அறைச் சூடும் தூசியும் சேர்ந்தால், சென்னையில் ஏசி அறையில் ஒழுங்காக ஓடும் அதே லேப்டாப் இங்கே மூச்சு வாங்கும்.

ஆகவே லேப்டாப்பை மெத்தை மேல் வைக்காதீங்க. அடியில் காற்று போக, இரு பக்கமும் புத்தகத்தை முட்டுக் கொடுத்துத் தூக்கி வையுங்க. ஃபேன் தூசியைத் தெரிந்த கடையில் கொடுத்துச் சுத்தம் செய்யுங்க. மதியத்தை விட விடியற்காலையில் ரெக்கார்ட் செய்து பாருங்க. காலையில் சரியாக வந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். பேட்டரியில் ஓடும்போதும் லேப்டாப் வேகம் குறையும் என்பதால் ரெக்கார்டிங் முடியும்வரை சார்ஜர் சொருகியே இருக்கட்டும்.

கரண்ட் போனா மொத்த வீடியோவும் போயிடுமா?

எம்பி4 கோப்பாக ரெக்கார்ட் செய்தால் போய்விட வாய்ப்பு அதிகம். சாதாரண எம்பி4-ல் கோப்பின் குறிப்பு கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் கணினி அணைந்தால் அந்தக் கோப்பு திறக்காது. எம்கேவி வடிவத்தில் ரெக்கார்ட் செய்தால் கரண்ட் போகும்வரை பதிவானது பத்திரமாக இருக்கும். பிறகு ஓபிஎஸ்-ன் 'ஃபைல்' மெனுவில் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' கொடுத்தால், தரம் குறையாமல் சில நொடிகளில் எம்பி4 ஆகிவிடும். 2024-ல் வந்த 30.2 பதிப்பு முதல் 'ஹைபிரிட் எம்பி4' என்ற பாதுகாப்பான வடிவமும் இருக்கிறது.

எல்லா எண்களும் பூஜ்ஜியம், ஆனாலும் திக்குதே?

அப்படியானால் ரெக்கார்டிங் மேல் தப்பில்லை. மூன்று விஷயங்களைச் சரிபாருங்க.

* கேமே நொடிக்கு 40, 45 பிரேம் என ஏறி இறங்கினால், 60 பிரேம் வீடியோவில் சில படங்கள் இருமுறை வரும். கேமை 30-ல் நிறுத்தி, ரெக்கார்டிங்கையும் 30-ல் வைத்தால் சீராகும்.
* வீடியோவை ஓட்டிப் பார்க்கும் கணினியே திணறலாம். அதே கோப்பை மொபைலில் போட்டுப் பாருங்க.
* யூடியூபில் ஏற்றிய உடனே பார்க்கிறீர்களா? முதலில் குறைந்த தரம்தான் தயாராகும். 60 பிரேம் என்பது அங்கே 720பி மற்றும் அதற்கு மேல்தான் கிடைக்கும்.

இந்தக் கடைசித் தகவலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மொபைல் டேட்டாவில், 480பி தரத்தில் பார்ப்பவருக்கு நீங்கள் கஷ்டப்பட்டு எடுத்த 60 பிரேம் போய்ச் சேரவே சேராது. தவிர 1080பி, 60 பிரேம் வீடியோவை ஏற்ற 12 எம்பிபிஎஸ் பிட்ரேட்டை யூடியூப் பரிந்துரைக்கிறது. 10 நிமிட வீடியோவுக்கே 900 எம்பி. பழைய கணினி வைத்திருப்பவர்கள், கதை சொல்லும் விளையாட்டுகளை 30 பிரேமில் எடுப்பதில் எந்தக் குறையும் இல்லை.

எந்த வரிசையில் சோதிப்பது?

1. ஸ்டேட்ஸ் பலகையைத் திறந்து 5 நிமிட ரெக்கார்டிங் போடுங்க. எந்த எண் ஏறுகிறது என்று எழுதி வையுங்க.
2. ஒரு நேரத்தில் ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றி, திரும்ப 5 நிமிடம் பாருங்க. நான்கை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.
3. லேசான கேம் ஒன்றை ரெக்கார்ட் செய்து பாருங்க. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதையைச் சொல்லும் 'வெண்பா' (2023) போன்றது இதற்குப் போதும். அதுவும் திக்கினால் என்கோடரையும் டிஸ்க்கையும் பாருங்க. ஜிடிஏ 5 போன்ற கனமான கேமில் மட்டும் திக்கினால் கிராபிக்ஸ் பக்கம் பாருங்க.
4. பிறகு அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பாருங்க. சூட்டுப் பிரச்னை அப்போதுதான் வெளியே வரும்.
5. அப்போதும் புரியவில்லையா? 'ஹெல்ப்' மெனுவில் லாக் ஃபைலை அப்லோட் செய்தால், ஓபிஎஸ்-ன் இலவச லாக் அனலைசர் குறையைச் சுட்டிக்காட்டும்.

அப்படியானால் புது கார்டு எப்போதுதான் வாங்கணும்?

கேமின் கிராபிக்ஸைக் குறைத்து, 60-ல் கடிவாளம் போட்டு, ஓபிஎஸ்-ஐ அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சூட்டையும் சரிசெய்த பிறகும் ரெண்டரிங் லேக் ஏறிக்கொண்டே இருந்தால், அப்போது யோசிக்கலாம். லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதற்கும் முன் ரேமைப் பார்க்க வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒரே ஒரு ரேம் மட்டும் இருந்து, இன்னொரு இடம் காலியாக இருந்தால், அதே அளவில் இன்னொன்றைச் சேர்ப்பதே நல்ல பலன் தரும்.

மீதி எல்லாமே செட்டிங்ஸ்தான், செலவு இல்லை. அடுத்த முறை 2 மணி நேர ஆட்டத்துக்கு உட்காரும் முன் 5 நிமிட டெஸ்ட் ரெக்கார்டிங் ஒன்று போட்டுப் பாருங்க.