பூனைக்கும் ஒரு காலம்

அட்ரியாட்டிக் கடல் நிலத்துக்குள் வளைந்து வளைந்து புகுந்து, மலையடிவாரத்தில் வந்து ஓயும் இடத்தில் கோட்டோர் என்னும் சிறு நகரம் இருக்கிறது. இன்றைய மாண்டினீக்ரோ நாட்டுக்குரியது. பின்புறம் செங்குத்தான மலை, முன்புறம் விரிகுடா, நகரைச் சுற்றி ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் நீளமுள்ள மதில். மலைமீது ஏறிப் புனித ஜான் கோட்டையைத் தொட்டு இறங்கும் அம்மதில் எழும்பி முடியப் பல நூற்றாண்டுகள் ஆயின. ஆயர்களும் தளபதிகளும் மாலுமிகளும் நிறைந்த இந்நகர வரலாற்றில் பூனைக்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். அந்நகர வீதிகளில் அரை நாள் நடந்தவர் அவ்வாறு வினவமாட்டார்.

கோட்டோருக்கு வந்த பெரும்பேறுகள் யாவும் கப்பலேறி வந்தவையே. நகரின் காவற்புனிதரான திரிபோனின் திருவெச்சங்களும் அவ்வாறே வந்தன. புயலுக்கு அஞ்சி ஒதுங்கிய வெனிஸ் வணிகரிடமிருந்து 809ஆம் ஆண்டில் ஆந்திரியா சரசெனி என்னும் நகரத்தார் அவற்றை விலைக்கு வாங்கினார் என்பது மரபு. அவர் பெயரால் அமைந்த பேராலயம் 1166இல் திருநிலைப்படுத்தப்பட்டது. புனிதர் வந்த வழியே பூனையும் வந்தது. ஆயின் புனிதர் வந்த ஆண்டை எழுதிவைத்த ஊர், பூனை இறங்கிய நாளை எழுதிவைக்கவில்லை. மாலுமிகளோடு வந்து கரையில் தங்கிவிட்டவை என்று ஊரார் வழிவழியாகச் சொல்வதே சான்று. அதை நம்புவதில் தடையொன்றும் இல்லை. தானியத்தையும் கயிற்றையும் பாயையும் எலி அரித்துவிடும் என்று அஞ்சிய அக்காலக் கப்பல்களில், பூனையும் ஊழியஞ்செய்யும் மாலுமிகளுள் ஒன்று.

1420 முதல் 1797 வரை நகரம் வெனிஸ் குடியரசின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தே ஒட்டோமானியர் முற்றுகையிட்டனர். 1563இலும் 1667இலும் நிலம் நடுங்கி நகரைச் சிதைத்தது. 1572இல் கொள்ளைநோய் புகுந்தது. மதிலால் பகைவரைத் தடுக்க முடிந்தது; எலியைத் தடுக்க முடியவில்லை. எலியின் உடலில் ஒட்டிய தெள்ளுப்பூச்சி அந்நோயைக் கடத்துகிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் சிமோந்த் கராச்சி நகரில் கண்டறிந்தது 1898இல்தான். அவ்வறிவு வருமுன்னரே, களஞ்சியத்துக்குக் காவல் என்ற அளவில் பூனையை ஊர் பேணி வந்தது. காரணம் அறியாமல் செய்த நன்மைகளுள் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

வெனிஸின் சின்னம் சிறகு முளைத்த சிங்கம். நகர மதிலில் இன்றும் அதன் உருவங்களைக் காணலாம். குடியரசு 1797இல் வீழ்ந்தபோது, அருகிலுள்ள பெராஸ்ட் ஊரார் சிங்கக் கொடியைக் கண்ணீரோடு எடுத்துச் சென்று கோயிற் பலிபீடத்தின் கீழ்ப் புதைத்தனர். அதன்பின் ஆஸ்திரியர், உருசியர், பிரெஞ்சுக்காரர், மீண்டும் ஆஸ்திரியர், 1918க்குப் பின் யூகோஸ்லாவியர் என ஆட்சிகள் மாறின. கடல்வாயிலின் மேல் இன்று விளங்குவது சிங்கமன்று. 1944 நவம்பர் 21 என்னும் விடுதலை நாளோடு கூடிய விண்மீன். ஆனைக்கொரு காலம் பூனைக்கொரு காலம் என்பர். இங்கே காலம் முடிந்தது சிங்கத்துக்கு.

ஆஸ்திரிய ஆட்சிக்காலத்தில் நேர்ந்த ஒரு செய்தி ஈண்டுக் கருதத்தக்கது. உலகின் முதல் அரசு அஞ்சலட்டை 1869 அக்டோபர் 1ஆம் நாள் வெளிவந்தது அந்தப் பேரரசில்தான். அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் படம் அச்சிட்ட அஞ்சலட்டை ஐரோப்பா எங்கும் பரவியது. அதில் பூனை அரசோச்சிற்று. தொப்பியணிந்த பூனை, தேநீர் அருந்தும் பூனை, பள்ளி செல்லும் பூனை! இலண்டனில் லூயி வெய்ன் இத்தகைய படங்களை ஆயிரக்கணக்கில் வரைந்தார். நோயுற்றிருந்த மனைவியின் மனம் மகிழ வீட்டுப் பூனையை வரையத் தொடங்கியவர் அவர். மனைவி 1887இல் மறைந்த பின்னும் பூனைகள் நிற்கவில்லை. படத்தை விற்றவர் உரிமையையும் உடன்விற்றார். பதிப்பாளர் பலர் செழித்தனர். வரைந்தவர் 1925இல் மனநல விடுதியொன்றின் ஏழையர் பகுதியில் கிடக்கக் காணப்பட்டார். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் முதலியோர் வேண்டுகோள் விடுக்க, பொதுமக்கள் நிதி திரட்டி அவரை நல்ல இடத்துக்கு மாற்றினர். காகிதப் பூனைகள் ஊரையெல்லாம் ஊட்டி, ஈன்றவரை மட்டும் பட்டினி போட்ட கதை இது. பாட்டெழுதிப் பதிப்புரிமையை இழந்தவர்க்கு இது புதிதன்று.

கோட்டோரின் பூனைக் காட்சியகம் இக்கணக்கைத் திருப்பி எழுத முயன்றது. 1979 ஏப்ரல் 15இன் நிலநடுக்கம் நகரை மறுபடியும் குலைத்தது. அவ்வாண்டே யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மறுசீரமைப்பு நீண்டகாலம் நடந்தது. பின்னர் உல்லாசக் கப்பல்கள் வரத் தொடங்கின. பூனைகள் படிக்கட்டுகளிலும் உணவகத் திண்ணைகளிலும் நகரின் அடையாளமாயின. சதுக்கமொன்று அவற்றின் பெயரையே பெற்றது. ஆயின் படம்பிடிப்போர் பலர், சோறிடுவோர் சிலர். இந்நிலையில் பழைய நகரில் சிறிய காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. பிரான்செஸ்கா தி மோண்டெரியாலே மாந்திகா என்னும் இத்தாலியச் சீமாட்டியின் சேகரிப்பு அதற்கு மூலதனம். செதுக்கோவியங்கள், அஞ்சலட்டைகள், இதழ்ப் பக்கங்கள், விளம்பரத் தாள்கள், பதக்கங்கள் என அனைத்திலும் பூனையே. பேரோவியம் எதையும் எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவர். சுவரை நிறைப்பவை அன்றாடம் அச்சாகி அன்றாடம் எறியப்பட்ட தாள்கள். தொடக்கத்தில் நுழைவுக் கட்டணம் ஒரு யூரோ. அது தெருப் பூனைகளின் உணவுக்குச் செல்லும் என்பதே ஏற்பாடு.

ஒரு யூரோவால் ஒரு நகரத்துப் பூனைகளின் பசி தீர்ந்துவிடாது. இரக்கத்தால் இடும் உணவு குட்டிகளைப் பெருக்கும். பெருகியவற்றுள் பல நோயிலும் குளிரிலும் மடியும். ஆகவே கருத்தடை செய்யும் பணியை அன்பர்கள், வெளிநாட்டார் உட்பட, மேற்கொண்டனர். உணவிடுவதைவிடப் பயன்மிக்க பணி அது. ஆயின் அதற்கு அழகு இல்லை, எந்த அஞ்சலட்டையிலும் அது அச்சாகாது.

கோடையில் கப்பல்கள் வரும்; உணவகங்கள் நிறையும்; எச்சில் இலைக்குப் பஞ்சமில்லை. மழைக்காலம் தொடங்கியதும் கப்பல் குறையும், கடைகள் அடைபடும். மலையிலிருந்து இறங்கும் நீர் கல்பாவிய சந்துகளில் ஓடும். கோடையில் சேர்ந்த சில்லறை செலவாவது அம்மாதங்களில்தான். அப்போது லாசுவைத்த காகிதப் பூனைகள் கண்ணாடிக்குள் நனையாமல் இருக்கும். மற்றவை வாயிற்படியின் ஓரத்தில் ஒடுங்கி, கதவு திறக்கும் ஓசைக்குச் செவியை நிமிர்த்திக் காத்திருக்கும்.